பூசணம் பூத்த சுவர்

கிழக்கு லண்டனில் நான் ஓராண்டு குடியிருந்த அறைக்கு வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல். விக்டோரியா காலத்து வரிசை வீடு. அதன் முதுகில் பிற்காலத்தில் ஒட்டுப்போட்டதுபோல் நாலரை அங்குலச் சுவரில் எழுப்பிய பின்னறையில்தான் என் கட்டில். அக்டோபர் முடியும்போது தலைமாட்டு மூலையில் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள் தோன்றின. நவம்பரில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளங்கை அகலமாயின. டிசம்பரில் பெட்டியைத் திறந்தால் அம்மா மடித்துக் கொடுத்த புடவையிலும் அதே வாடை.

வாடகை முகவர் வந்து பார்த்தார். சோறு வடிக்கிறீர்களா என்று கேட்டார். துவைத்த துணியை உள்ளேயே காயப்போடுகிறீர்களா, ஜன்னலை எத்தனை மணி நேரம் திறந்து வைக்கிறீர்கள், குளித்த பிறகு கதவைச் சாத்துகிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்: கோட்டயத்திலிருந்து வந்த செவிலியர் ஒருவர், கடையில் வேலை செய்த சில்ஹெட்காரப் பெண் ஒருவர், நான். மூவரும் வகுப்பறையில் பிடிபட்ட பிள்ளைகள்போல் நின்றோம். பிளீச் வாங்கித் துடைக்கச் சொல்லிவிட்டுப் போனார். நான் ஐந்தாண்டு கட்டடக்கலை படித்தவள். மெல்லிய சுவர் வெளிக்குளிரில் சில்லிட்டுப்போனால் அறையின் நீராவி அங்கேதான் போய்ப் படியும், அந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. சோறு வடித்தது உண்மைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அதே வாரம் கல்லூரியில் எங்களுக்குக் கொடுத்த வேலை, பூஞ்சையிலிருந்து ஒரு செங்கல் வளர்ப்பது. மக்காச்சோளத் தட்டையைப் பொடியாக நறுக்கி, வேகவைத்துக் கிருமி நீக்கி, அதில் பூஞ்சையை ஏற்றி, அச்சில் அடைத்து இருட்டில் வைக்க வேண்டும். பூஞ்சையின் இழைகள் (மைசீலியம் என்பார்கள்) தட்டைத் துண்டுகளைத் தின்றபடியே அவற்றைப் பின்னிக் கட்டும். ஒரு வாரத்தில் வெண்மையாக, தக்கைபோல் லேசாக ஒரு கல் கிடைக்கும். பிறகு அதைச் சூடேற்றிப் பூஞ்சையைக் கொன்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் வளர்ந்துகொண்டே இருக்கும். 2014இல் நியூயார்க்கின் மோமா பிஎஸ் 1 முற்றத்தில் டேவிட் பெஞ்சமினின் 'தி லிவிங்' நிறுவனம் இப்படிப்பட்ட சுமார் 10,000 கற்களால் எழுப்பிய 'ஹை-ஃபை' கோபுரத்தைத் திரையில் காட்டினார்கள். நாலு மாடி உயரம். கோடை முடிந்ததும் அதைப் பிரித்து மட்கவைத்து எருவாக்கினார்கள். அழகான கட்டடம், மறுக்கவில்லை. நகரத்துக்குள் இயற்கையை, அதிலும் பூஞ்சையை, அழைத்துவரப்போகும் முதல் தலைமுறை நீங்கள் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். பகலில் கையுறை மாட்டிக்கொண்டு பூஞ்சையைப் பச்சைப்பிள்ளைபோல் பார்த்துக்கொண்டேன். இரவில் அதே கையால் பிளீச் தொட்டு, அழைக்காமலே வந்த பூஞ்சையைத் துடைத்தேன்.

முதல் தலைமுறை என்ற சொல்தான் உறுத்தியது. அந்தக் குளிர்காலம் முழுக்க, வகுப்புக்குத் தேவையில்லாத புத்தகங்களை நூலகத்தில் எடுத்து வாசித்தேன். அறையைவிட நூலகம் சூடாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபதாண்டுகளில் லண்டன் நிலக்கரிப் புகையில் மூழ்கிய ஊர். ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில் வெற்றிடம் என்று மிஞ்சியிருந்தவை மூடப்பட்ட இடுகாடுகள்தான். 1850களில் நகருக்குள் புதைப்பதை நிறுத்திய பிறகு அவை குப்பை கொட்டும் இடங்களாகக் கிடந்தன. 1882இல் தொடங்கிய மாநகரப் பொதுத் தோட்டச் சங்கம் அவற்றைப் பூங்காக்களாக்க முனைந்தது. எங்கே எத்தனை இடுகாடுகள் இருந்தன என்ற கணக்கு யாரிடமும் ஒழுங்காக இல்லை. பழைய வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு சந்து சந்தாக நடந்து அந்தக் கணக்கை எடுத்தவர் இசபெல்லா ஹோம்ஸ். 1896இல் வெளிவந்த லண்டன் இடுகாடுகள் பற்றிய அவருடைய புத்தகத்தின் அட்டையில் அவர் பெயர் இல்லை. 'திருமதி பேசில் ஹோம்ஸ்' என்றிருக்கிறது. பேசில் அவருடைய கணவர்.

அந்த மண்ணில் மரம் நட்டவர் ஃபேனி வில்கின்சன். 1855இல் மான்செஸ்டரில் பிறந்தவர். ஆண்களுக்கென்றே நடந்த கிரிஸ்டல் பேலஸ் தோட்ட வடிவமைப்புப் பள்ளியில் வற்புறுத்தி இடம்பிடித்து, 18 மாதப் பயிற்சியை முடித்தார். 1884இல் சங்கத்தின் தோட்ட வடிவமைப்பாளரானார், தொடக்கத்தில் ஊதியமில்லாத கௌரவப் பதவியாக. பிரிட்டனில் இதைத் தொழிலாகச் செய்த முதல் பெண் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். மையர்ட்ஸ் ஃபீல்ட்ஸ், வாக்ஸ்ஹால் பூங்கா உட்பட லண்டனில் 75க்கும் மேற்பட்ட பொதுத் தோட்டங்கள் அவர் வரைந்தவை. குளிர்காலத்தில் வேலையற்றுக் கிடந்த ஆண்களைச் சங்கம் கூலிக்கு வைத்துக்கொள்ளும். அவர்களை நிறுத்தி வேலை வாங்கியவர் பாவாடை சேற்றில் புரள நின்ற இந்தப் பெண். 1890இல் ஒரு பெண்கள் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், தன் தொழிலுக்குரிய முழுக் கட்டணத்தையே வாங்குவதாகவும், பெண் என்பதற்காகக் குறைத்துக்கொள்வதில்லை என்றும் சொன்னார். அதைப் படித்தபோது சென்னையில் என் முதல் வேலை நினைவுக்கு வந்தது. எனக்கும் என்னுடன் சேர்ந்த பையனுக்கும் சம்பளத்தில் இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம். நான் கேட்கவேயில்லை.

புகையைத் தாங்கும் மரம் என்பதால் லண்டனில் பிளேன் மரத்தை நிறைய நட்டார்கள். அதன் பட்டை செதில் செதிலாக உரிந்து விழும், படிந்த கரியும் அதோடு போய்விடும். மரம் நட்ட எல்லோரும் அறியாமலே மண்ணுக்குள் பூஞ்சைக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். வில்கின்சன் பணியில் சேர்ந்த மறு ஆண்டு, 1885இல், மரவேரும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் அமைப்புக்கு ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்னார்ட் ஃபிராங்க் 'மைக்கோரைசா' என்று பெயர் வைத்தார். வேர் எட்டாத இடத்திலிருந்து நீரையும் உப்பையும் பூஞ்சை கொண்டுவந்து கொடுக்கும், மரம் பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். இன்று நடைபாதையில் நாலடிக் குழி வெட்டிச் சுற்றிலும் சிமெண்ட் பூசி மரம் நட்டு, மூன்றாம் ஆண்டில் அது ஏன் வாடுகிறது என்று கேட்கும் பொறியாளர்கள் மறந்துபோவது இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான்.

இதே ஆண்டுகளில், இதே லண்டனில், கென்சிங்டன் வீடொன்றின் மாடியில் பியட்ரிக்ஸ் பாட்டர் காளான்களை வரைந்துகொண்டிருந்தார். முயல் கதை எழுதியவராக உலகம் அறிந்த அதே பாட்டர், அந்தப் புத்தகத்துக்கு முன்பு. பள்ளிக்கு அனுப்பப்படாத மகள். ஸ்காட்லாந்தில் சார்லஸ் மெக்கின்டாஷ் என்ற தபால்காரர் காளான்களில் பெரிய விற்பன்னர். அவர் அனுப்பிய மாதிரிகளை வைத்து நுண்ணோக்கியில் பார்த்து நூற்றுக்கணக்கில் வண்ண ஓவியங்கள் தீட்டினார். வரைவதோடு நிற்காமல் காளானின் வித்துத் தூளை, ஸ்போரை, முளைக்கவைத்தும் பார்த்தார். வேதியியலாளரான மாமா கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே இயக்குநர் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1897 ஏப்ரல் 1 அன்று அவருடைய ஆய்வுக் கட்டுரை லின்னேயன் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்தது. முன்வைத்தவர் கியூவின் பூஞ்சையியலாளர் ஜார்ஜ் மாசி. பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. சில நாளில் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் பாட்டர். அது பிறகு எங்கும் அச்சாகவில்லை, கையெழுத்துப் பிரதியும் கிடைக்கவில்லை. சரியாக நூறாண்டு கழித்து, 1997இல், அவர் முறையாக நடத்தப்படவில்லை என்று சங்கத்தின் தரப்பில் ஒப்புக்கொண்டார்கள்.

பாட்டரை மேதையாக்கி ஒற்றை ஆளாக நிறுத்துவதில் எனக்குச் சங்கடம் உண்டு. அவரைச் சுற்றி வேறு பெண்கள் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். லைக்கன்களிலும் பூஞ்சைகளிலும் தேர்ந்த ஆனி லோரெய்ன் ஸ்மித் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1890களிலிருந்து பல பத்தாண்டுகள் உழைத்தார். பெண்ணை ஊழியராக எடுக்க விதி இல்லை என்பதால் தனி நிதி ஒன்றிலிருந்து அவருக்குக் கூலி கொடுத்தார்கள். 1907இல் பிரிட்டிஷ் பூஞ்சையியல் சங்கத்தின் தலைவரானபோதும் அருங்காட்சியகத்தின் கணக்கில் அவர் ஊழியர் இல்லை. லின்னேயன் சங்கத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தவர் மரியன் ஃபார்குஹார்சன். 1900இலிருந்து மனு மேல் மனு. 1904இல் கதவு திறந்து 15 பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபார்குஹார்சனை மட்டும் வாக்களித்துத் தள்ளினார்கள். 1908இல் அவருக்கும் அனுமதி வந்தது. அப்போது நோயில் படுத்திருந்தார், போய்க் கையெழுத்திட முடியவில்லை.

இதில் கட்டடத்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பாட்டரின் காளான் ஓவியங்களில் 59 முதன்முறையாக ஓர் அறிவியல் நூலில் இடம்பெற்றது 1967இல், அவர் இறந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு. அவற்றைத் தேர்ந்து போட்டவர் டபிள்யூ.பி.கே. ஃபின்ட்லே. அவர் கட்டட மரம் எப்படி உளுக்கிறது என்பதையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். லண்டன் வீடுகளின் உத்தரங்களையும் தளப்பலகைகளையும் தின்னும் பூஞ்சை ஒன்று உண்டு. செர்புலா லாக்ரிமான்ஸ் என்று பெயர். வளரும்போது உடல் முழுக்க நீர்த்துளிகளைக் கசியவிடும். அதனால் கண்ணீர் வடிப்பது என்று லத்தீனில் பெயரிட்டார்கள். ஐரோப்பாவில் அது பெரும்பாலும் வீட்டுக்குள்தான் வாழ்கிறது, காட்டில் வாழும் உறவினர்கள் இமயமலைப் பக்கம். இதை வாசித்த இரவு, எங்கள் மூவரைப்போல் அதுவும் வந்து குடியேறியதுதான் என்று செவிலியரிடம் சொன்னேன். வாடகை கொடுக்காத ஒரே ஆள் என்றார் அவர்.

இனி வரும் பெண்ணைப் பற்றி எழுத எனக்குத் தயக்கம், ஏனென்றால் அவரை எனக்குப் பிடிக்கும். ஆக்டேவியா ஹில். 1865இல் ஜான் ரஸ்கின் பணம் போட, மேரில்போனில் பேரடைஸ் பிளேஸ் என்ற சந்தில் மூன்று பாழடைந்த வீடுகளை எடுத்துப் பழுதுபார்த்து ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டார். உழைப்பவருக்கு வீடு மட்டும் போதாது, வானமும் புல்லும் வேண்டும் என்று விடாமல் சொன்னவர். 1887இல் சதர்க்கில், எரிந்துபோன காகிதத் தொழிற்சாலை இருந்த மனையில், ரெட் கிராஸ் தோட்டத்தை உருவாக்கினார். குளம், வளைந்த பாதை, ஓரத்தில் தொழிலாளர்களுக்குச் சிறு வீடுகளின் வரிசை. வீட்டுக் கதவைத் திறந்தால் தோட்டம். வீட்டையும் பசுமையையும் ஒரே வரைபடத்தில் யோசித்த அந்த இடம் இன்றும் இருக்கிறது. நான் நாலு முறை போனேன். 1895இல் நேஷனல் டிரஸ்ட் அமைப்பைத் தொடங்கிய மூவரில் ஹில்லும் ஒருவர். பிற்பாடு பாட்டர் தன் 4,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை எழுதிவைத்ததும் அந்த அமைப்புக்குத்தான்.

ஆனால் ஹில்லின் முறையில் வாடகை வசூலிக்க வாராவாரம் போனவர்கள் படித்த, வசதியான பெண்கள். வசூலோடு, வீடு துடைத்திருக்கிறதா, படிக்கட்டு கழுவியிருக்கிறதா, பிள்ளைகள் எப்படியிருக்கிறார்கள் என்றும் பார்த்தார்கள். வாடகை தவறினால் இரக்கமில்லாமல் வெளியேற்றினார்கள். வீட்டைத் திருத்துவதோடு குடியிருப்பவரையும் திருத்த வேண்டும் என்பது ஹில்லின் உறுதியான நம்பிக்கை. நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே ஒரு தொழில் கிடைத்தது, இன்னொரு பெண்ணின் அடுப்படியை எட்டிப்பார்க்கும் தொழிலாக. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று 1910இல் 'தி டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதியவரும் இதே ஹில்தான். நமக்கு வேண்டிய முன்னோடிகள் நமக்கு வேண்டிய வடிவத்திலேயே கிடைப்பதில்லை.

அப்போதே இதில் சலிப்படைந்த ஒருவர் இருந்தார், பெயர் பீட்ரிஸ் பாட்டர். காளான் வரைந்தவர் அல்ல, பின்னாளில் பீட்ரிஸ் வெப் என்று அறியப்பட்ட சமூக ஆய்வாளர். 1885இலிருந்து கிழக்கு லண்டனின் கேத்தரின் பில்டிங்ஸில் வாடகை வசூலித்தார். அந்தக் கட்டடத்தில் அறைக்குள் தண்ணீர்க் குழாய் கிடையாது, கழிப்பிடமும் பொதுவில்தான். மலிவாகக் கட்ட வேண்டும் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள். எத்தனை முறை கதவைத் தட்டி அறிவுரை சொன்னாலும் கட்டடத்தின் குறையைக் குடியிருப்பவரின் ஒழுக்கம் ஈடுகட்டாது என்ற முடிவை நோக்கி அவர் நகர்ந்தார். என் மூலையின் கரும்புள்ளியைத் துடைத்துக்கொண்டிருந்த நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில், சமூக வீட்டுவசதிக் குடியிருப்பின் ஓர் அறை வீட்டில், இரண்டு வயது நிரம்பிய சில நாளில் ஒரு குழந்தை இறந்தான். சூடானிலிருந்து வந்த பெற்றோர். சுவரில் பூசணம் என்று 2017இலிருந்தே தந்தை முறையிட்டிருக்கிறார், மேலே பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சமைப்பதும் குளிப்பதும் சரியில்லை, வாழ்க்கைமுறைதான் காரணம் என்ற எண்ணம் வீட்டு நிர்வாகத்தில் இருந்தது என்பது விசாரணையில் வெளிவந்தது. நீண்டகாலம் பூசணத்தைச் சுவாசித்ததால் வந்த கடும் மூச்சுக்கோளாறே மரணக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். குழந்தையின் பெயரால் 'அவாப் சட்டம்' என்று அழைக்கப்படும் விதிகள் 2023இல் சட்டத்தில் சேர்ந்தன. 2025 அக்டோபரில் முதல் கட்டமாக நடைமுறைக்கு வந்தன, சமூக வீட்டுவசதிக்கு மட்டும். எங்களைப்போல் தனியார் அறைகளில் இருப்பவர்கள் அந்தக் கட்டத்தில் இல்லை.

சோறு வடிக்கிறீர்களா என்ற கேள்விக்கு வயது 150க்கும் மேல் என்று அப்போதுதான் புரிந்தது.

நகரத்தில் பூஞ்சை எப்போதுமே இருந்திருக்கிறது. காற்றில் அதன் வித்துகள் இல்லாத தெரு கிடையாது. எங்கே வளரும், எங்கே வளராது என்பதைச் சுவரின் கனம், காற்றுவழி, கூரைத் தண்ணீர் போகும் பாதை ஆகியவை தீர்மானிக்கின்றன. இவற்றைக் கட்டடக்கலைஞர் தீர்மானிக்கிறார், அவருக்கு மேலே காசு போடுபவர் தீர்மானிக்கிறார். லண்டனின் பழைய வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. ஈரத்தை இழுத்து, பிறகு வெளியே விடும். கணப்பு அடுப்பின் புகைபோக்கி வழியாக அறைக் காற்று ஓயாமல் வெளியேறும். பிற்பாடு புகைபோக்கியை அடைத்தார்கள், வெளியே சிமெண்ட் பூசினார்கள், அறையைத் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. மிச்ச வேலை பிளீச்சோடு எங்களுக்கு.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னபோது, "சுண்ணாம்பு அடிச்சிருந்தா பூசணம் எப்படிடி வரும்?" என்றார். உண்மைதான், சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் பிடிக்காது. மன்னார்குடி வீட்டில் பொங்கலுக்கு முன்பு வெள்ளையடிக்க ஆள் வருவார், அவருக்குக் கூலி உண்டு. பரணிலிருந்து பாத்திரத்தை இறக்கி, சுவரோரச் சாமானை நகர்த்தி, அடித்த பிறகு தரையில் சொட்டிய சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவி, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவைக்க மூன்று நாளாகும். அதற்குக் கூலி கிடையாது. பிளாஸ்டிக் பெயிண்ட் வந்தபோது வருஷா வருஷம் அந்த வேலை மிச்சம் என்று அம்மாதான் முதலில் சந்தோஷப்பட்டார். அதனால் பழைய சுண்ணாம்புக்குத் திரும்புவோம் என்று மேடையில் யாராவது பேசினால், சாமானை யார் இறக்குவது என்று கேட்கத் தோன்றும். பசுஞ்சுவர், மாடித்தோட்டம், பூஞ்சைக் கல் என்று எந்த வரைபடம் மேசைக்கு வந்தாலும் இப்போது நான் முதலில் தேடுவது, தண்ணீர் ஊற்றவும் சருகு அள்ளவும் அழுகலைத் துடைக்கவும் போகிற ஆளை. பெரும்பாலும் வரைபடத்தில் அவர் இருப்பதில்லை.

வில்கின்சனின் வரைபடங்களில் அந்த ஆட்கள் இருந்தார்கள், கூலிப் பட்டியலோடு. 1902இல் அவர் ஸ்வான்லி தோட்டக்கலைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வரானார். அந்தக் கல்லூரியில் பயின்ற பிரெண்டா கோல்வின் 1951இல் நிலவடிவமைப்பாளர் நிறுவனத்தின் தலைவரானார். சில ஆண்டுகளில் அதே பதவிக்கு வந்த சில்வியா குரோவும் ஸ்வான்லி மாணவிதான். எங்கள் ஓராண்டுப் படிப்பின் வாசிப்புப் பட்டியலில் இந்த மூவரில் ஒருவர் பெயரும் இல்லை. ஆண்டு இறுதியில் நான் அதை எழுதிக் கொடுத்தேன். நல்ல யோசனை என்று பதில் வந்தது.

அறையைக் காலி செய்த நாளில் முகவர் மூலையைப் படம் எடுத்துக்கொண்டார். சுத்தம் செய்யும் செலவு என்று முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை நான் சுவரின் கனத்தை அளந்து, குறுக்குவெட்டுப் படம் வரைந்து, நீராவி எங்கே படிகிறது என்று குறித்து அனுப்பினேன். சோறு பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. பாதிப் பணம் திரும்பி வந்தது. மற்ற இருவரும் அந்தப் படத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

நான் வளர்த்த பூஞ்சைக் கல்லுக்கு நல்ல மதிப்பெண். அதைத் துணியில் சுற்றி ஊருக்கு எடுத்துவந்தேன். கூடத்தில் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை, கொல்லையில் மல்லிகைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். ஐப்பசி மழையில் ஊறி, கார்த்திகைக்குள் பாதி உதிர்ந்துவிட்டது. மீதியையும் காலால் உடைத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, "இதுக்கா ஒரு வருஷம் படிச்சே?" என்றார்.